படிவம் 5, நேரலைத் திரை, வாளி: சிப்காட் ஓரத்து ஊர்கள் எதை முதலில் கையில் எடுக்கலாம்?

எங்கள் தெருவில் ஒரு நோட்டு வீடு வீடாகச் சுற்றி வருகிறது. தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், என்ன நாற்றம், எவ்வளவு நேரம் இருந்தது என்று அதில் ஐந்து கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். "இரவு 11.20, வாடைக் காற்று, அழுகிய முட்டை நாற்றம், முக்கால் மணி நேரம், பாப்பா இருமிக்கொண்டே இருந்தாள்" என்று கடைசி வீட்டு அக்கா எழுதியிருக்கிறார். அடுத்த பக்கத்தில் வேறொரு கையெழுத்தில், "விடியற்காலை 4 மணி, நகப்பூச்சு வாடை, ஜன்னலைச் சாத்திவிட்டோம்" என்று இருக்கிறது. கடலூர் முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே 1980-களில் எழுந்த சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இந்த வரிகளை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் முன்னால் இப்போது இருக்கும் கேள்வி மிகவும் நடைமுறை சார்ந்தது. சந்தாப் பணமாகச் சிறு தொகை சேர்ந்திருக்கிறது. மாலை நேரங்களில் உட்கார்ந்து எழுதவும், அலுவலகங்களுக்குப் போய்வரவும் நான்கு பேர் தயாராக இருக்கிறோம். இந்தப் பணத்தையும் நேரத்தையும் வரும் ஓராண்டுக்கு எதில் செலவிடுவது? தொழிற்சாலைகள் சட்டப்படி அரசுக்குக் கொடுத்தாக வேண்டிய அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படிப்பதா, இணையத்தில் ஓடும் நேரலை அளவுகளைக் கவனிப்பதா, நாங்களே காற்றையும் நீரையும் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதா, இல்லை நேரே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதா? இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நாங்கள் பேசியவற்றை, இதே நிலையில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

ஒன்றிய அரசின் அளவுகோல்களும் அறிக்கை விதிகளும் டெல்லியிலேயே தங்கிவிடும் காகிதங்கள் என்று நினைப்பவர்களுக்குக் கடலூரின் அனுபவம் ஒன்றே போதும். 2009-ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலுள்ள 88 தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீட்டு மதிப்பெண் போட்டது. 70-க்கு மேல் பெற்றவை கடும் மாசுப் பகுதிகள் என வகைப்படுத்தப்பட்டன. கடலூர் பெற்றது 77.45. அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் 2010 ஜனவரியில் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தருவது இப்பகுதியில் நிறுத்திவைக்கப்பட்டது. வேலை தேடிய இளைஞர்களும், மூச்சுத் திணறிய முதியவர்களும், நிலம் விற்கக் காத்திருந்தவர்களும் அந்த எண்ணின் விளைவை நேரடியாக அனுபவித்தார்கள். ஆகவே எண்கள் எப்படி உருவாகின்றன, யார் அவற்றைத் தெரிவிக்கிறார்கள், எதை அளக்கிறார்கள், எதை அளக்காமல் விடுகிறார்கள் என்பது எங்கள் வீட்டு விஷயமே ஆகிறது.

அளவுகோல் எதைக் கேட்கிறது?

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது தேசிய சுற்றுப்புறக் காற்றுத் தர அளவுகோல். 2009 நவம்பர் 18 அன்று அறிவிக்கப்பட்ட இந்தப் பட்டியலில் 12 பொருட்கள் இருக்கின்றன. கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, இரண்டு வகை நுண்துகள்கள், ஓசோன், ஈயம், கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, பென்சீன், பென்சோபைரீன், ஆர்சனிக், நிக்கல் ஆகியவை அவை. எங்கள் நோட்டில் அதிகமுறை எழுதப்பட்டிருப்பது அழுகிய முட்டை நாற்றம். அது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் அடையாளம். அந்த வாயு இந்தப் பன்னிரண்டில் இல்லை. கடலூரும் புதுச்சேரியும் இடம்பெறும் தினசரி காற்றுத் தரக் குறியீடு எட்டுப் பொருட்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது; அந்த எட்டிலும் அது கிடையாது. ஆகவே, நாற்றம் தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்ட இரவுக்கு அடுத்த நாள் காலையில் கைபேசியில் பார்த்தால் 'திருப்தி' என்று பச்சை நிறத்தில் வருவதில் பொய் ஏதும் இல்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு அது சரியான பதில். எங்கள் கேள்வி அங்கே கேட்கப்படவே இல்லை.

இதைவிட நுட்பமான இன்னொரு சிக்கல் சராசரியில் இருக்கிறது. கந்தக டை ஆக்சைடுக்கு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது விதி. ஓர் எடுத்துக்காட்டுக்காக, நள்ளிரவில் ஒரு மணி நேரம் மட்டும் அளவு 400-க்கு ஏறி, மீதி 23 மணி நேரமும் 20-இல் நின்றது என்று வைத்துக்கொள்வோம். 400-உம், 23 முறை இருபதாகிய 460-உம் சேர்ந்து 860; அதை 24-ஆல் வகுத்தால் 36-க்குச் சற்றுக் குறைவு. அளவுகோலின் பாதியைக்கூட எட்டவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் மூச்சுக்குத் தவித்திருந்தாலும் அன்றைய நாள் ஏட்டில் நல்ல நாள்தான். இதற்கும் மேலாக, ஆண்டுச் சராசரிக்கு வாரத்தில் இரண்டு நாள் வீதம் ஆண்டுக்குக் குறைந்தது 104 அளவீடுகள் போதும் என்று அதே அறிவிக்கை சொல்கிறது. ஆட்களை வைத்து மாதிரி எடுக்கும் நிலையம் ஒன்று இந்தக் குறைந்தபட்சத்தோடு நின்றுவிட்டால், எஞ்சிய 261 நாட்களில் எங்கள் மேல் வீசிய காற்று எந்த ஏட்டிலும் ஏறாது. கருவி வைத்துத் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் இந்தக் குறையை ஓரளவு போக்குகின்றன. ஆனால் அவையும் பட்டியலில் உள்ள பொருட்களையே முதன்மையாகத் தேடுகின்றன.

அளவுகோலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பென்சீனுக்கு ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம் என்று 2009-இல் எழுதப்பட்ட பிறகுதான், அதைப் பற்றி ஓர் அதிகாரியிடம் எண்ணைக் காட்டிப் பேச எங்களைப் போன்றவர்களுக்கு வாய்ப்பு வந்தது. எழுதப்படாத பொருளைப் பற்றிப் பேசினால், "உங்களுக்குப் பழகாத வாசனை" என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கிறது.

முதல் வழி: அவர்கள் கொடுத்த அறிக்கையைக் கேட்டு வாங்குவது

சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-இன் 14-ஆம் விதிப்படி, நீர், காற்று மாசுத் தடுப்புச் சட்டங்களின் கீழ் இசைவாணை (ஆலை இயங்க வாரியம் தரும் ஒப்புதல்) பெற வேண்டிய ஒவ்வொரு தொழிற்சாலையும், மார்ச் 31-இல் முடியும் நிதியாண்டுக்கான சுற்றுச்சூழல் அறிக்கையைச் செப்டம்பர் 30-க்குள் மாநில வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும். அதன் வடிவம்தான் படிவம் 5. ஏ முதல் ஐ வரை ஒன்பது பகுதிகள். பி பகுதியில் தண்ணீர், மூலப்பொருள் பயன்பாடு வரும். டி பகுதியில் அபாயகரக் கழிவு வரும். எங்களுக்கு உயிரான பகுதி சி. அதில் நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கும்: மாசுப் பொருளின் பெயர், ஒரு நாளைக்கு வெளியேறும் நிறை, அதன் செறிவு, கடைசியாக, நிர்ணயித்த அளவிலிருந்து எத்தனை சதவீதம் விலகியது, அதற்குக் காரணம் என்ன.

அந்தக் கடைசிப் பத்தியை முதன்முதலாகக் கையில் வைத்துப் பார்த்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓர் ஆலையின் மூன்று ஆண்டு அறிக்கைகளைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைத்தோம். மூன்றிலும் செறிவு எண்கள் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கம் வரை ஒன்றாகவே இருந்தன. காரணம் எழுத வேண்டிய இடத்தில் மூன்று ஆண்டும் 'விலகல் இல்லை' என்றே இருந்தது. உற்பத்தி அளவு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருந்தது. உற்பத்தி மாறியும் கழிவின் தன்மை இம்மி பிசகாமல் நின்றது எப்படி என்ற கேள்வியை எழுப்ப எங்களுக்கு ஆய்வகமோ வழக்கறிஞரோ தேவைப்படவில்லை. மூன்று காகிதங்களும் ஒரு சிவப்புப் பேனாவும் போதுமாக இருந்தன. ஒரே ஆண்டின் அறிக்கையை மட்டும் வாங்கியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. ஆகவே எப்போதும் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே கேளுங்கள்.

படிவம் 5-ஐப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வழியாகவே போக வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் தர 30 நாள். ஆனால் இது மூன்றாம் தரப்பினரின் தகவல் என்று பொதுத் தகவல் அலுவலர் கருதினால் 11-ஆம் பிரிவின்படி ஆலைக்கு அறிவிப்பு அனுப்புவார். அப்போது முடிவெடுக்க 40 நாள் வரை ஆகலாம். வணிக ரகசியம் என்று மறுக்கும் வாய்ப்பும் 8-ஆம் பிரிவில் உண்டு. மூலப்பொருள் விவரம் இருக்கும் பி பகுதியைக் கேட்டால் இந்த மறுப்புக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். எனவே நாங்கள் எழுதும் வாசகம் இதுதான்: "கீழ்க்காணும் தொழிற்சாலை கடந்த மூன்று நிதியாண்டுகளுக்கு அளித்த படிவம் 5 சுற்றுச்சூழல் அறிக்கையின் சி, டி, இ, எஃப் பகுதிகளின் சான்றிட்ட நகல்களையும், அந்த அறிக்கைகள் பெறப்பட்ட தேதியையும் அளிக்கவும்." பெறப்பட்ட தேதியைக் கேட்பது முக்கியம்; அறிக்கை கொடுக்கவே இல்லை என்றால் அது அந்த வரியில்தான் தெரியவரும்.

இதைவிட எளிதாகக் கிடைக்க வேண்டியது ஆறுமாத அறிக்கை. 2006 செப்டம்பர் 14-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் அனுமதி பெற்ற ஆலை, அனுமதியில் விதித்த ஒவ்வொரு நிபந்தனையையும் எந்த அளவுக்கு நிறைவேற்றியது என்று ஜூன் 1-ஆம் தேதியும் டிசம்பர் 1-ஆம் தேதியும் அறிக்கை தர வேண்டும். இவை பொது ஆவணங்கள், யார் விண்ணப்பித்தாலும் நகல் தர வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது. அனுமதிக் கடிதத்தின் நகல் ஊராட்சிக்கும் அனுப்பப்பட்டு 30 நாள் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சி அலுவலக அலமாரியில் அந்தக் கடிதம் இருக்கிறதா என்று ஒரு முறை போய்ப் பாருங்கள். அதில் உள்ள நிபந்தனைகள்தான் ஆலை தன் பெயரால் ஏற்றுக்கொண்ட வாக்கு; எத்தனை மரம் நடுவது, எந்தக் குழாயில் எந்தக் கருவி வைப்பது என்பது வரை வரிசை எண்ணோடு எழுதியிருக்கும்.

ஆனால் இங்கே கடலூருக்கே உரிய ஒரு தடை உண்டு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்ற நடைமுறையே 1994 ஜனவரியில்தான் சட்ட வடிவம் பெற்றது. அதற்கு முன்பே தொடங்கி, பிறகு அனுமதி தேவைப்படும் அளவுக்கு விரிவாக்கம் செய்யாத பழைய ஆலைக்கு அனுமதிக் கடிதமும் இராது, ஆறுமாத அறிக்கையும் இராது. அவற்றுக்குப் படிவம் 5-உம் இசைவாணையும் மட்டுமே. ஆகவே விண்ணப்பம் எழுதும் முன் உங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஆலைகளைப் பழையது, புதியது என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது தபால் செலவையும் மனச்சோர்வையும் குறைக்கும்.

இந்த அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருவது ஒரு பெரும் குறை. 2020-இல் புதிய தாக்க மதிப்பீட்டு வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டபோது, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. அந்த வரைவு, ஆறுமாத அறிக்கையை ஆண்டுக்கு ஒன்றாகச் சுருக்கவும், கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கான 30 நாள் அவகாசத்தை 20 ஆக்கவும் முன்மொழிந்தது. உப்பனாற்றில் வலை வீசிப் பிழைக்கும் ஒருவருக்கு இதைத் தமிழில் படித்துக் காட்டினால் அவருக்கு ஆட்சேபம் எழுத ஐந்து நிமிடம் போதும். ஆங்கிலத்தில் வைத்திருந்தால் அவர் வாழ்நாளிலும் எழுத மாட்டார்.

போபாலுக்குப் பிறகு இரண்டு நாடுகள்

அறிக்கை விதியின் வலிமையும் பலவீனமும் எங்கே இருக்கின்றன என்று பார்க்க, கடல் கடந்து ஒரு முறை போய்வருவது நல்லது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவில் போபாலின் யூனியன் கார்பைடு ஆலையில் நச்சு வாயு கசிந்தது. அடுத்த ஆகஸ்டில் அதே நிறுவனத்தின் மேற்கு வர்ஜீனிய ஆலையிலும் கசிவு ஏற்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1986 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. பட்டியலிட்ட வேதிப்பொருட்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கையாளும் ஆலைகள், காற்றிலும் நீரிலும் நிலத்திலும் எவ்வளவு விட்டன என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே கணக்கு எழுதி, அடுத்த ஆண்டு ஜூலை 1-க்குள் அளிக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கணினித் தரவுத்தளத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. இந்தியாவிலும் போபாலின் விளைவாக அதே 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் இங்கே அறிக்கை ஆலையிலிருந்து வாரியத்துக்குப் போகிறது. மக்களிடம் வருவதற்கு வழி எழுதப்படவில்லை. எங்கள் மண்ணில் நடந்த சாவுகளால் இன்னொரு நாட்டின் மக்கள் பெற்ற உரிமையை நாங்கள் 2005 வரை காத்திருந்து, அதுவும் சுற்றுவழியில் பெற்றோம் என்பது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

அங்கேயும் குறைகள் உண்டு. ஆலைகள் தாமே மதிப்பிட்டு எழுதும் கணக்குத்தான் அது. எங்கள் நோட்டின் ஹைட்ரஜன் சல்பைடே அதற்கு நல்ல சான்று. 1993-இல் அது அமெரிக்கப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1994-இல் தொழில்துறையின் ஆட்சேபத்துக்குப் பின் நிறுத்திவைக்கப்பட்டது. 2011-இல்தான் அந்தத் தடை நீங்கியது. ஒரு பொருளை ஒரு பட்டியலில் நிறுத்த 18 ஆண்டுகள்.

நேரலைத் திரை

இரண்டாவது வழியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மிகுந்த மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழிற்சாலைகள் தங்கள் புகைபோக்கியிலும் கழிவுநீர்க் குழாயிலும் தானியங்கிக் கருவி பொருத்தி, அளவுகளை வாரியத்துக்கு இடைவிடாமல் அனுப்ப வேண்டும் என்று மத்திய வாரியம் 2014 பிப்ரவரியில் உத்தரவிட்டது. பூச்சிமருந்து, மருந்து, சாயம் ஆகிய தொழில்கள் அந்த 17-இல் அடங்கும். இந்த அளவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. செலவு இல்லை, காத்திருப்பும் இல்லை. ஆனால் கழிவுநீரில் அமிலத்தன்மை, ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திடப்பொருள் போன்ற சிலவற்றையே அது அளக்கிறது. நாற்றம் வந்த நேரத்தில் திரையைப் படம் பிடிக்காவிட்டால் பிற்பாடு தேடி எடுப்பது கடினம். இது காவலுக்கு உதவும். இதை மட்டும் வைத்து ஒரு மனு எழுத முடியாது.

வாளி

மூன்றாவது வழிக்கு இந்த மண்ணில் பெருமைக்குரிய வரலாறு இருக்கிறது. 2004-இல் சிப்காட்டைச் சுற்றிய ஊர்களின் சாதாரண மக்கள் பயிற்சி பெற்று, பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு தனிவகைப் பையை வைத்து, சிறு பம்பால் காற்றை அதில் இழுத்து, அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்த மாதிரிகளில் இருபதுக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் தெரியவந்தன. அதுவரை 'ஒன்றுமில்லை' என்று சொல்லப்பட்ட காற்றைப் பற்றி நாடு முழுவதும் பேச்சு எழுந்தது அதற்குப் பிறகுதான். எந்த அறிக்கையும் கேட்காத கேள்வியை அந்த வாளி கேட்டது. வாளியைப் பிடித்தவர்களில் பலர் ஆய்வகத்தையே பார்த்திராதவர்கள்.

இருந்தாலும் முதல் ஆண்டிலேயே எல்லாப் பணத்தையும் இதில் போடுவதற்கு நான் தயங்குகிறேன். கரிமச் சேர்மங்களுக்கான சோதனை விலை உயர்ந்தது. பையில் பிடித்த காற்று கெடுவதற்குள் ஆய்வகத்தை எட்ட வேண்டும். புகைபோக்கியிலிருந்து எடுத்த மாதிரி நீதிமன்றத்தில் சான்றாக நிற்க வேண்டுமானால், காற்றுச் சட்டம், 1981-இன் 26-ஆம் பிரிவு சொல்லும்படி வாரியமோ அதன் அதிகாரம் பெற்றவரோ ஆலைக்கு அறிவிப்புக் கொடுத்து, முத்திரையிட்டு எடுத்திருக்க வேண்டும். நம் வாளி அந்த வகையில் சேராது. அது மேல் விசாரணையைத் தூண்டும் கருவி மட்டுமே. எந்த ஆலை, எந்தப் பொருள், எந்த நேரம் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஒரே ஒரு மாதிரியால் கிடைக்கும் பயன், தெரியாமல் எடுக்கும் பத்து மாதிரிகளால் கிடைக்காது. அதைத் தெரிந்துகொள்ளப் படிவம் 5-உம் தெரு நோட்டும் முதலில் வேண்டும்.

தீர்ப்பாயத்தைப் பற்றி இரண்டு வரி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். ஆனால் பொதுவாக, காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கையில் ஆவணம் இல்லாமல் போனால் ஆய்வுக்குழு போடும் வரை காத்திருக்கவே நேரிடும். 2025 மே மாதத்தில் சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டில் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து வீடுகளுக்குள் நீர் புகுந்ததைப் போன்ற அவசரத்தில் யோசிக்காமல் போகலாம், போகவும் வேண்டும். அந்த விபத்து இன்னொன்றையும் காட்டியது: கழிவுநீரின் செறிவைக் கேட்கும் படிவம் 5, அதைத் தாங்கி நிற்கும் சுவரின் வயதைக் கேட்பதில்லை.

பாகூர் பக்கத்து உறவினர்களுக்கு

தென்பெண்ணைக்கு அப்பால், புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியில் எங்கள் சொந்தக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். விதியும் படிவமும் அவர்களுக்கும் ஒன்றுதான். ஆனால் தட்ட வேண்டிய கதவு வேறு. ஒன்றியப் பிரதேசத்தில் மாநில வாரியம் கிடையாது. மத்திய வாரியத்தின் அதிகாரத்தைப் பெற்று இயங்கும் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம்தான் உண்டு. தகவல் உரிமை விண்ணப்பம் மறுக்கப்பட்டால், எங்களுடைய இரண்டாம் மேல்முறையீடு சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகும். அவர்களுடையது டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகும். நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் 2024-இல் கொண்டுவந்த திருத்தமும் ஒன்றியப் பிரதேசங்களுக்கு முதலிலேயே பொருந்திவிட்டது. ஆகவே எங்கள் விண்ணப்ப மாதிரியை அப்படியே பெயர் மாற்றி அனுப்பிவிடாமல், முகவரியையும் மேல்முறையீட்டு வரியையும் திருத்திக்கொள்ள வேண்டும்.

நாங்கள் எடுத்த முடிவு

பேசிப் பேசி, முதல் ஆண்டுக்கு அறிக்கைகளையும் நோட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். பணத்தில் பெரும்பகுதி வாளிக்கென்று ஒதுக்கி வைக்கப்படும். ஆனால் படிவங்களும் நோட்டும் ஒரே ஆலையை, ஒரே நேரத்தைச் சுட்டும் வரை அதைத் தொட மாட்டோம். நேரலையைப் பார்க்கக் கல்லூரி போகும் இரண்டு பிள்ளைகள் முன்வந்திருக்கிறார்கள். தீர்ப்பாயத்தை அவசரத்துக்கு வைத்துக்கொள்கிறோம். சங்கத்தில் இருவர், வாளியே முதலில் வேண்டும் என்று கடைசி வரை வாதாடினார்கள். 2004-இல் நேரில் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களுடைய அவசரத்தில் நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை.

எங்களை இந்தப் பக்கம் சாய்த்தது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஒரு சிறு வாசகம். ஒன்றிய அரசின் அளவுகோல் குறைந்தபட்சக் கட்டுப்பாடு மட்டுமே. மாநில வாரியம் தேவையென்று கருதினால் அதைவிடக் கடுமையான அளவை விதிக்கலாம் என்று 3-ஆம் விதியின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. இசைவாணை புதுப்பிக்கப்படும்போது ஹைட்ரஜன் சல்பைடை மணிக்கு மணி அளந்து அறிக்கையில் எழுத வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் அதை அளந்து எழுதுவது ஆலையின் வேலையாகிவிடும்; நாங்கள் வாளியோடு இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கோரிக்கைக்கு ஆதாரமாக, மூன்றாண்டுப் படிவங்களில் அந்தப் பொருளின் பெயர் ஒரு வரியில்கூட இல்லை என்பதையும், அதே காலத்தின் நோட்டில் அது எத்தனை இரவுகளில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், அதைத் தட்டிக்கழிப்பது எளிதாக இராது.

நாட்காட்டியும் எங்களுக்கு வசதியாக அமைந்திருக்கிறது. படிவம் 5-க்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. கிராம சபை அக்டோபர் 2. தீர்மான வாசகத்தை எழுதி ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே கொடுத்திருக்கிறோம். அக்டோபர் முதல் வாரத்தில் விண்ணப்பங்களை ஒப்புகை அட்டையோடு தபாலில் சேர்த்துவிட்டால், 40 நாள் கணக்கு வைத்தாலும் டிசம்பர் 1-இன் ஆறுமாத அறிக்கைக்கு முன்பே பதில் வந்துவிட வேண்டும். நோட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். அந்த நேரத்தில் அரசின் திரை காட்டிய அளவை அதில் எழுத வேண்டும். கடைசி வீட்டு அக்கா அதற்கெனத் தன் மகனின் பழைய கைபேசியைச் சரிசெய்து வாங்கி வைத்திருக்கிறார்.